பால்கெரன் வீட்டுக்கு வாழ வந்தவள்

என் ஆசை வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. குழம்பில் உப்பு கூடினால் சத்தம் போட ஆளில்லாமல் எனக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை. அங்கே யார் உங்களுக்குப் பக்குவமாகப் போடுகிறார்களோ?

ஒரு சேதி சொல்ல வேண்டும். உங்கள் பால்கெரன் கிடைத்துவிட்டது!

சத்தியமாகத்தான். உங்கள் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்தில் ஏதோ நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை என்று மாமனார் சொல்லிவிட்டுப் போனார். ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆனதும் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். பூந்தமல்லி சர்ச்சில் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி எடுத்தீர்கள். தகப்பன் பெயர் பால்கெரன் ஜார்ஜ் என்று இருந்தது. அப்புறம் அந்தக் குடும்பப் பெயரை வைத்து ஸ்காட்லாந்தையே சலித்தீர்கள். அப்படி ஒரு குடும்பமே கிடையாது என்றுதான் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

“இன்னா தொர, நெலம் எவ்ளோ தேறும்?” என்று ஆவடி முழுக்க உங்களை ஓட்டினார்கள். அதற்கு மட்டும் நீங்கள் கோபித்துக்கொண்டதே இல்லை. “நெலம் யாருக்கு வோணும்? அந்த ஊட்டு ஆளுங்க வரிசைல எம் பேரும் இருந்தா போதும்” என்பீர்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அது ஒண்ணு மட்டும் ஆவல ரோசி” என்றீர்களே. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உங்கள் வருஷ பூசைக்கு சேக்காட்டில் இருக்கும் உங்கள் தம்பி வந்திருந்தார். “யம்மா, சேக்காடு வந்துடுச்சு, எல போடு” என்று குரல் கொடுத்தாள் நம் மகள் ஸ்டெல்லா. நானும் “சேக்காட்டுக்கு ரசம் ஊத்துடி” என்றேன். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“யம்மா, சித்தப்பாவ யாருமே பேர் சொல்லிக் கூப்டறதில்ல. பால்கெரனும் ஊர் பேரா இருந்தா?”

“ஆமா, எனுக்கும் ஒரு பேர் கீதுன்னு மறந்தே பூட்டீங்க” என்றார் உங்கள் தம்பி. அன்றைக்குத்தான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதேதான். ஸ்காட்லாந்தில் நிலக்காரரை நிலத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். குடும்பப் பெயர் வேறாம். சேக்காட்டானைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டே நமக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

ஸ்டெல்லா விடாமல் தேடி, அந்தக் குடும்பத்து அம்மாள் ஒருத்தரைப் பிடித்துவிட்டாள். மார்கரெட் என்று பெயர், என் வயது இருக்கும். போன வாரம் வீடியோவில் பேசினோம், ஸ்டெல்லாதான் எனக்குத் தமிழில் சொன்னாள். நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டதாம். பட்டாபிராமில் ஸ்டெல்லா இருப்பதைப் போல அவரும் ஒரு ஃபிளாட்டில்தான் இருக்கிறார். அவர்கள் வம்சாவளியில் ஜார்ஜ் உண்டு. மெட்ராஸ் போனார், கல்யாணம் ஆகாமலே இறந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

“திருத்திடலாம், பேருங்களைச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்கள் தாத்தா, உங்கள் அப்பா, நீங்கள் என்று ஸ்டெல்லா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“ஜார்ஜோட மனைவி பேர்?”

நீங்கள் எடுத்துவந்த ஞானஸ்நானப் பதிவில் தாய் என்ற இடத்தில் ‘உள்ளூர்ப் பெண்’ என்று மட்டும்தானே இருக்கிறது? அதை எத்தனை தடவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள்! ஒரு தடவையாவது அவள் யார் என்று கேட்டீர்களா? பெற்று, பால் கொடுத்து, வளர்த்தவள் அவள். உங்கள் கறுப்பு, உங்கள் முன்கோபம், எல்லாம் அந்த வெள்ளைக்காரனிடமிருந்தா வந்தது?

“பரவால்ல, அதக் காலியா உட்டுடலாம். அப்பா பேர இன்னிக்கே போட்டுடறேன்னு சொல்றாங்கம்மா” என்றாள் ஸ்டெல்லா.

“வேணாம். நிறுத்தச் சொல்லு” என்றேன்.

“யம்மா! அப்பா செத்ததே இந்த ஏக்கத்துலதான்!”

தெரியாதா எனக்கு? நீங்கள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது எது? ஆனால் நானும் உங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள்தான். நாளைக்கு ஒருத்தி என் இடத்தையும் காலியாக விட்டுவிட்டுப் போனால் பொறுத்துக்கொள்வீர்களா? அவளை வாசலில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் அந்த வீட்டுக்குள் போக எனக்கு மனசு வரவில்லை.

வருகிற ஞாயிறு பூந்தமல்லிக்குப் போகிறேன். கல்லறைத் தோட்டம், பழைய குடும்பங்கள், ஒன்று விடாமல் விசாரிப்பேன். அவள் பெயரோடு வந்து, அதற்குக் கீழேதான் உங்கள் பெயரை எழுதச் சொல்வேன். இது என் வாக்கு. அதுவரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

கோபமாக இருக்கிறதா? வந்து திட்டுங்களேன். அதற்காகவாவது ஒரு தடவை வாங்களேன்.

உங்களோடு இன்னும் சண்டை போட ஆசைப்படும்,
உங்கள் மனைவி ரோசி