கூளிசந்திரத்தில் முப்பத்தெட்டுப் பேர்

ஜூன் 3, செவ்வாய்

மழை. ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோ கிடைக்கவே இருபத்தைந்து நிமிடம். வந்த மகானும் "மீட்டர் ஹாக்கல்ல மேடம்" என்றார், மீட்டர் போட மாட்டாராம். நனைந்த செருப்போடு நூலகத்துக்குப் போனால் என் மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய சட்டம். மூடிவிட்ட ஒரு மிஷன் விடுதியின் வராந்தாவில் எத்தனையோ வருடம் தொங்கியதாம். இடிக்கும்போது யாருக்கோ மனசு வந்து, திருச்சபை வரலாற்று நூலகம் என்று எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே ஒரு வரைபடம். வருடம் 1909. மைசூர் சமஸ்தானமும் சேலம் ஜில்லாவின் வடக்குப் பக்கமும். எந்த ஊரில் எத்தனை புராட்டஸ்டண்டுகள், எந்தச் சபைக்காரர்கள் என்று ஊர் ஊராக வட்டம் போட்டிருக்கிறார்கள். ஆள் அதிகம் என்றால் வட்டம் பெரிசு. பக்கத்தில் பொடி எழுத்தில் எண்ணிக்கை. சபைக்கு ஒரு நிறம்.

எந்த நிறம் எந்தச் சபை என்ற விளக்கம் மட்டும் காணோம். சட்டத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, ஓரத்து அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தது. வெஸ்லியன் சிவப்பு. லண்டன் மிஷன் நீலம். லூத்தரன் மஞ்சள். ஆங்கிலிகன் பச்சை. பாப்டிஸ்ட் ஊதா. பிரதரன் சாம்பல்.

அன்றைக்கே நமக்குள் இத்தனை நிறம். ரிட்டயராக ஒன்றரை வருடம் இருக்கும்போது இதை எண்ணச் சொல்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

முந்நூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள். கண் எரிகிறது.

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்கு நம்ம ஊரைத் தேடினேன். வேலை நேரத்தில்தான். யார் கேட்கப்போகிறார்கள்.

அப்பாவுக்குக் கடைசி வரை ஒரே பெருமை. பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உண்டாகி எழுபது வருடம் ஆன பிறகும் யாராவது கேட்டால் "நாங்க சி.எஸ்.ஐ." என்று சொல்ல வாய் வராது. "நாங்க வெஸ்லியன். கூளிசந்திரத்துல அஞ்சு தலைமுறையா வெஸ்லியன்" என்பார். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. அவரும் ஒரே தடவைதான் போயிருக்கிறார், அதுவும் வயிற்றுப்போக்கோடு திரும்பினார்.

படத்தின் வலது ஓரத்தில் இருக்கிறது. கூளிசந்திரம். குண்டுமணி அளவு வட்டம். பக்கத்தில் 38.

நிறம் சாம்பல்.

மூன்று முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளக்கத்தோடு ஒப்பிட்டேன். சாம்பல்தான். பிரதரன்.

சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. என் தங்கை பெட்டி வீட்டைவிட்டுப் போனது எதற்காக? பிரதரன் அசெம்ப்ளிக்குப் போனதற்காகத்தானே.

அம்மா போனபோது பெட்டிக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. தலை பின்னினது, சோறு ஊட்டினது, பெரியவளானபோது பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் நான். முப்பத்தைந்து வயதில் க்ளெனைக் கட்டிக்கொள்வதற்காக அந்தப் பக்கம் போனாள் — இது அப்பா சொல்வது. விசுவாசம் வந்து போனேன், க்ளென் அப்புறம் வந்தார் என்பது அவள் சொல்வது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். கம்மலையும் சங்கிலியையும் கழற்றி என் கையில் வைத்தாள். அப்பா அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி: "குழந்தையில ஒன்னத் தூக்கிட்டுப்போய் நான் குடுத்த ஞானஸ்நானம் என்ன, பொய்யா?"  அதற்கப்புறம் அவள் வீட்டுக்கு வரவில்லை.

ஒயிட்ஃபீல்டில் இருக்கிறாள். பதினெட்டுக் கிலோமீட்டர்.

ஜூன் 9, திங்கள்

முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்புமுன் பெட்டியிடமிருந்து ஃபோன் வரும். "அக்கா, நீ எந்தப் பொடவ?" என்பாள். நான் ஒன்று சொல்வேன். அதே நிறத்தில் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள், ஏதோ தற்செயல் மாதிரி. மதியம் தேங்காய்ச் சாதம், கோளா உருண்டைக் குழம்பு. சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்பதற்கென்றே கடைசியில் உட்காருவாள். நேற்று சட்டியை நான் ஊறப்போட்டேன். ஃபிராங்க்ளின் என்னைப் பார்த்தார். அந்த மனுஷருக்கு எது எப்போது ஞாபகம் வருகிறது என்று தெரிந்துபோகிறது. முப்பது வருடக் கல்யாணத்தின் வினை.

ஜூன் 10, செவ்வாய்

பெட்டியைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் இல்லை எழுத.

ஜூன் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுத.

அப்பா போனது 2018-ல். அடக்க ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று எங்கள் சபை ஐயர் கேட்டார். உட்கார்ந்து எழுதினேன். பிறந்தது, படித்தது, பென்ஷன் வாங்கினது, பாடகர் குழுவில் நாற்பது வருடம் பேஸ் குரலில் பாடினது. கடைசியில், அவரை இழந்து துயருறும் பிள்ளைகள் என்று போட்டு என் பேர். என் பேர் மட்டும்.

பெட்டி வந்திருந்தாள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், தூண் ஓரமாக நின்றிருந்தாள். வாசிக்கும்போது நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை குனிந்தது. கல்லறைக்கு வரவில்லை.

அப்பா சொல்லி எழுதினேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அப்பா சொல்லல. அப்பா ஒண்ணுமே சொல்லல. ஆஸ்பத்திரியில் ரெண்டு தடவ "பெட்டி வந்தாளா"ன்னுதான் கேட்டார். எனக்குத்தான் கோபம். அஞ்சு வருஷமா மூத்திரம் பீ அள்ளினது நான், வாரத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிட்டு அலஞ்சது நான், அவர் கேக்கறது அவளையா? அந்த எரிச்சல்ல எழுதினேன். எழுதாம விட்டேன்.

இப்போது இந்தச் சாம்பல் வட்டம் கையில் இருக்கிறது. இதைச் சொன்னால் போதாதா? நம்ம முன்னோர்களும் உன் ஆட்கள்தான் பெட்டி, நீ வெளியே போகவே இல்லை, திரும்பிப் போயிருக்கிறாய் என்று? அப்பாவே தப்பு என்றால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஜூன் 14, சனி

ஃபோன் செய்தேன். நம்பர் மாறவில்லை.

"யாரு?" என்றாள். என் நம்பரை அழித்துவிட்டாள் போல. சிந்தியா என்றேன். பின்னால் குக்கர் சத்தம். "சொல்லுக்கா."

நான் சொல்ல ஆரம்பித்தேன். வரைபடம், 1909, கூளிசந்திரம், முப்பத்தெட்டுப் பேர், பிரதரன். ஸ்கூல் பிள்ளை பரிசு வாங்கினதைச் சொல்வது போல மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்பா சொன்னது தப்பு பெட்டி. நாமளும் ஒங்க ஆளுங்கதான்."

"அதனாலதான் ஃபோன் பண்ணியா?"

"ஆமா. சொல்லணும்னு தோணிச்சு."

"அந்தப் படத்துல வேற கலர் இருந்திருந்தா?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பண்ணியிருக்க மாட்டே இல்ல?" என்றாள். குரல் உயரவில்லை. சின்னதிலிருந்தே அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "ஏழு வருஷமாச்சு. நான் ஒந்தங்கச்சிங்கறதுக்கு ஒரு படம் வந்து சர்ட்டிபிகேட் குடுக்கணுமா? வைக்கறேன்கா. அடுப்புல வச்சிருக்கேன்."

நான் முக்கியமானதைச் சொல்லவே இல்லை. குறிப்பு எழுதினது யார் என்று சொல்லவே இல்லை. சபையைப் பற்றிப் பேசினேன், எண்ணிக்கையைப் பற்றிப் பேசினேன்.

ஃபிராங்க்ளின் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நூறு வருஷத்துக்கு முந்தி செத்தவன எல்லாம் எண்ணிட்டே, இருக்கறவகிட்ட எப்படி இருக்கேன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை. நற்கருணை. முழங்கால் போட்டுக் கையை நீட்டினேன். அப்பத்தை வாங்கி விழுங்கினேன். மனசு அங்கே இல்லை.

ஜூன் 19, வியாழன்

அவள் கேட்டது சரி.

ஜூன் 24, செவ்வாய்

படத்தைப் பழுது பார்க்க சேஷகிரி வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், பழைய காகிதம், பழைய துணி எதையும் உயிர்ப்பித்துக் கொடுப்பார். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் போட்டு வைத்த பட்டியலைப் பெருமையாக நீட்டினேன். ஒரு தரம் படித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"நோடி மேடம், ஒண்ணு கேக்கட்டா? இந்த வலது ஓரத்துல மட்டும் எப்படி இத்தன பிரதரன்?"

"இருந்திருக்காங்க. அதான் போட்டிருக்கு."

அவர் படத்தின் வலது கோடியில் ஒரு வட்டத்தைக் காட்டினார். ஓரத்து அட்டை அதைப் பாதி மறைத்திருந்திருக்கிறது. அட்டைக்கு வெளியே இருந்த பாதி சாம்பல். அட்டைக்கு அடியில் இருந்த பாதி நல்ல சிவப்பு. ஒரே வட்டம்.

"வராந்தாவுல வலது பக்கமா வெயில் அடிச்சிருக்கு. இந்தக் காலத்துச் சிவப்பு மை வெயில் தாங்காது, வெளுத்து இப்படி ஆயிடும். விளக்கம் அட்டைக்கு அடியில இருந்ததனால வெளுக்கல. நீங்க வெளுக்காததோட வெளுத்ததை ஒப்பிட்டுட்டீங்க. இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் சிவப்பு மேடம். வெஸ்லியன்."

இடது பக்கத்துச் சிவப்பெல்லாம் சிவப்பாகவே இருக்கிறது. வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. முப்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவளுக்கு அது கண்ணில் படவில்லை. "டௌட் வரலியா?" என்று கேட்டார் சேஷகிரி, குத்தலாக இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். வரவில்லை என்றேன். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தச் சாம்பல் வேண்டியிருந்தது.

அப்பா சொன்னதுதான் சரி. கூளிசந்திரத்து முப்பத்தெட்டுப் பேரும் வெஸ்லியன்.

ஜூன் 25, புதன்

பட்டியலைத் திருத்தினேன். நாற்பத்தொரு ஊர்களில் பிரதரனை அடித்து வெஸ்லியன் என்று எழுதினேன். கூளிசந்திரத்தைக் கடைசியாகத் திருத்தினேன்.

இனி அவளைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காலையிலிருந்து அடித்து அடித்து எழுதி, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பினேன். அனுப்பினதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"பெட்டி, படத்த நான் தப்பாப் படிச்சுட்டேன். நம்ம ஆளுங்க வெஸ்லியன்தான், அப்பா சொன்னதுதான் சரி. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அப்பா அடக்கத்துல ஒன் பேரு இல்லாமப் போனது அப்பா சொல்லி இல்ல. எழுதினது நான். விட்டது நான். அவர் ஆஸ்பத்திரியில ஒன்னத்தான் கேட்டார், அதையும் நான் ஒனக்குச் சொல்லல. ஒன்னப் பாக்கணும். ஞாயித்துக்கெழம ஒங்க கூட்டத்துக்கு வரேன். பேச வேண்டாம்னா பேச வேண்டாம்."

படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூன் 28, சனி

பதில் இல்லை. ஃபிராங்க்ளின் கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கம்மலைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்தேன். வேஷம் போட்டுக்கொண்டு போக வேண்டாம். இருக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

டிரினிட்டியில் மெட்ரோ ஏறினேன். ஒயிட்ஃபீல்டில் இறங்கி ஆட்டோ. ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் ஹால். சிலுவை இல்லை, பீடம் இல்லை. நடுவில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி மூடி அப்பமும் திராட்சை ரசமும். பிளாஸ்டிக் நாற்காலிகள். தமிழ் பேசும் ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த சின்னஞ்சிறுசுகள்தான் பாதிக்கு மேல். பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு. நானும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வாசலில் நின்றவர் பணிவாகக் கேட்டார். "சிஸ்டர் எந்த அசெம்ப்ளி? அங்கேருந்து நற்சாட்சிக் கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"நான் சி.எஸ்.ஐ."

"சந்தோஷம். பின்னால உக்காருங்க."

அவர்கள் ஐக்கியத்தில் இல்லாதவர்களுக்கு அப்பம் கிடையாது, பின்வரிசைதான். நானும், இரண்டு குழந்தைகளும், தூங்கி வழியும் ஒரு கிழவரும். நாற்பத்திரண்டு வருடமாக நற்கருணை எடுப்பவள் நான். வேறு நாள் என்றால் எரிந்து விழுந்திருப்பேன். இன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தேன்.

பெட்டி இரண்டாவது வரிசையில். பின்னாலிருந்தே தெரிந்தது. முக்காட்டுக்குக் கீழே பின்னல் நுனி, பாதி நரை. அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். அவள் திரும்பவில்லை. பாட்டுக்கு எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜெபத்துக்கு எழுந்தாள், உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து க்ளென் மட்டும் ஒரு முறை என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒருவர் அப்பத்தை எடுத்து ஜெபித்துப் பிட்டார். தட்டு வரிசை வரிசையாக வரத் தொடங்கியது. அங்கே யாராவது அப்பம் எடுக்காமல் விட்டால் எல்லோரும் கவனிப்பார்கள், என்ன குறை என்று மூப்பர்கள் வந்து விசாரிப்பார்கள். போன புதிதில் அவளே ஃபோனில் பயந்து பயந்து சொல்லியிருக்கிறாள்.

தட்டு முதல் வரிசையில் இருக்கும்போது பெட்டி எழுந்தாள். அவள் வரிசைக்காரர்கள் காலை ஒடுக்கி வழி விட்டார்கள். நடு வழியாக நடந்து பின்னால் வந்தாள். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பைய எடுக்கா," என்றாள்.

எடுத்தேன். உட்கார்ந்தாள். தட்டு எங்களுக்கு முந்தின வரிசை வரை வந்து திரும்பிப் போனது. கிண்ணமும் அப்படியே போனது.  எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, மூக்கைச் சிந்த முந்தானைதான் இருந்தது, அது தலையில் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் வயதான மூப்பர் ஒருவர் நேராக எங்களிடம் வந்தார். முகத்தில் கவலை.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு அப்பம் எடுக்கலியே?"

"எங்க அக்கா வந்திருக்காங்க பிரதர்," என்றாள் பெட்டி.