ஒரே பெயர் மூன்று முறை

அன்பு மகளே,

உன் ஆராய்ச்சிக்காக நீ நகலெடுத்த பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் படித்தேன். தானிய விலை ஏறிய வருடங்களில் பிறப்பு குறைவதைச் சரியாகவே காட்டியிருக்கிறாய்.

ஆனால் ஒரு நெசவாளர் வீட்டில் ஒரே பெயர் மூன்று முறை வருவதைப் பார்த்து, பதிவேட்டை எழுதியவரின் பிழை என்று நினைத்து இரண்டை அடித்துவிட்டாய். அவசரக்குடுக்கை! கூடவே நீ நகலெடுத்த, இறந்தவர்களின் அடக்கப் பதிவேட்டையும் புரட்டியிருக்க வேண்டாமா? முதல் இரண்டு குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். போன பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கு வைத்திருக்கிறார்கள்.

“அத்தனை பிள்ளைங்களப் பறிகொடுத்தவங்களுக்கு மனசு மரத்துப் போயிருக்கும்மா” என்று போனில் சொன்னாயே. மரத்துப் போனவள் அந்தப் பெயரை மறுபடி கூப்பிடுவாளா?

உன் பெயரை, நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, பதினொரு நாள் நான் கூப்பிட்டிருக்கிறேன்.

அடித்த இருவரையும் திரும்ப எழுதிவிடு. கையெழுத்து நன்றாக இருக்கட்டும்.

உன் அம்மா