வயிற்று வலி மருந்து

1961, ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

பிள்ளை இறந்துபோய் அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து, அவள் காதில் மட்டும் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று அம்மாவும் நானும் அவளை நாகல் நகர் டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

"என்னம்மா செய்யுது?" என்று அக்காவைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள். "வயித்து வலிங்க. சோறே இறங்கல."

ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பெண் பார்க்க சித்தையன்கோட்டையிலிருந்து வருகிறார்கள். பைத்தியம் இருக்கிற வீடு என்று பேச்சுக் கிளம்பிவிடக் கூடாதாம். நானும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர், பாவம், வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கம்பவுண்டர் சிவப்பு மிக்சர் கலந்து கொடுத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊற்றிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள்.

"தம்பி, இதக் குடிச்சா அவுக பேசுறது நின்னுரும்ல?"

"நின்னுரும்க்கா" என்றேன்.

"அப்ப இன்னுங் கொஞ்சம் ஊத்துப்பா" என்று டம்ளரை நீட்டினாள்.