நீ போட்ட ஹைட்ரைடு கணக்கு

இனி உனக்குக் கடிதம் எழுதுவது முறைதானா என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள். கல்லூரி மலருக்கான புரூப் தாள், பிழை திருத்தி அனுப்பச் சொல்லி, இன்று தபாலில் வந்தது. பிரித்ததும் அச்சு மையின் வாசனை. ‘அழுத்தமும் சோடியம் ஹைட்ரைடும்’ என்று தலைப்பு. அதன் கீழே, பட்டத்தோடு என் பெயர். உன் பெயர் இல்லை.

கடைசி வருஷம், வகுப்பில் நாம் இருவர்தான் பெண்கள். உப்புகளில் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை மாதிரி செய்து காட்டச் சொன்னார் விரிவுரையாளர். பையன்கள் களிமண் உருண்டை பிடித்தார்கள். நீ சிம்மக்கல்லில் உன் அத்தாவின் பழமண்டியிலிருந்து எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொண்டுவந்தாய். ஹைட்ரஜனுக்கு எலுமிச்சை, சோடியத்துக்கு நெல்லி. சாப்பாட்டு உப்பைப் போலவே, ஒவ்வொன்றைச் சுற்றியும் மற்றது ஆறு. ஆனால் விலை போகாமல் கழித்த பழங்களைத்தான் அத்தா உனக்குக் கொடுத்திருந்தார். மேலே பலகையை வைத்து நீ அழுத்தியதும் சாறு மேசையில் ஓடியது.

“படிக்க வந்தீகளா, ஊறுகாய் போட வந்தீகளா?” என்றார் விரிவுரையாளர். வகுப்பே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீயோ பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். எலுமிச்சை சிறுத்திருந்தது, நெல்லி நெல்லியாகவே இருந்தது.

“அணு அம்புட்டும் கல்லுன்னு யாருடி சொன்னா?” என்று வீடு திரும்பும் வழியெல்லாம் கேட்டாய். “ஹைட்ரைடுல ஹைட்ரஜன் இளகினது புள்ள. அமுக்குனா அதுதான் மொதல்ல சிறுக்கும். சிறுத்தா, சோடியத்தைச் சுத்தி ஆறு இருந்த எடத்துல எட்டு ஒக்காரும்.”

ருபீடியம் உப்புகள் பெரும் அழுத்தத்தில் அப்படி ஆறிலிருந்து எட்டுக்கு மாறுவதை நாம் நூலகத்தில் படித்திருந்தோம். ஹைட்ரைடை யாரும் அப்படி அழுத்திப் பார்த்ததாகப் படிக்கவில்லை. இரண்டு மாதம் நீ கணக்குப் போட்டாய். இன்றைய கருவிகள் எட்டாத அழுத்தம் வேண்டும் என்று விடை வந்தது. “இருக்கட்டும், பெறகு எவனாவது அமுக்குவான்” என்றாய். நான் அழகாகப் பிரதி எடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

கல்லூரியில் அதைக் கட்டுரையாக வாசிக்கும் நாளில் உனக்குக் காய்ச்சல். நான் வாசித்தேன். ஊறுகாய் என்று சிரித்தவரே எழுந்து நின்று, “இது உங்க யோசனையாம்மா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உன்னைப் பார்க்க வந்தேன். “எம் பேரைச் சொன்னியாடி?”

“சொன்னேன்.”

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். எட்டாம் நாள் உன்னைக் கொண்டுபோனார்கள்.

துக்கம் கேட்க வந்த என்னிடம் உன் அத்தா, “எம் மக ராப்பகலா என்னமோ எழுதிக்கிட்டே கெடந்துச்சேம்மா, அது எதுக்காவது ஆச்சா?” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இங்கே என் ஐயா பரவைச் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “எம் மக பேரு அச்சுல வருது, தெரியும்ல?” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்கள் வீட்டில் அச்சேறும் முதல் பெயர். அவருக்கு அச்செழுத்தைப் படிக்கத் தெரியாது. என் பெயர் எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்வார்.

புரூப்பில் என் பெயரை அடித்து உன் பெயரை எழுதிவிட்டேன். அதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஐயாவிடம் இன்று இரவு சொல்லிவிடுவேன். நாளைக் காலை சிம்மக்கல்லுக்குப் போகிறேன். உன் அத்தாவின் முன்னால் நின்று, அது எதற்கு ஆயிற்று என்பதையும், படுக்கையில் கிடந்த உன்னிடம் நான் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எழுதியும் கேட்கத் தயங்கியது ஒன்று இருக்கிறது. நீ எதையும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறவள். அவரிடம் சொல்லி முடிக்கும்வரை என்னை மன்னித்துவிடாதே.