வல்லின றகரம்

4 மார்ச் 1992

அன்புள்ள அப்பா,

அம்மாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இந்த முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். “புத்தகத்துல செத்தவங்களுக்கெல்லாம் அழுவாரு உங்கப்பா. எனக்கு அழ வேணாம், ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போகச் சொல்லு” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அம்மாவை பார்க்க வாருங்கள் அப்பா.

உங்கள்
சின்னவள்

10 மார்ச் 1992

அன்புச் சின்னவளுக்கு,

செவ்விலக்கியப் பேராசிரியர் பதவிக்கு இருபதாம் தேதி நேர்காணல். பாதி ஆயுளை இதற்குத்தான் கொடுத்திருக்கிறேன். உரைநூலின் அச்சுப்படி வேறு மேசையில் கிடக்கிறது. இப்போது எழுந்து வந்தால் எல்லாம் பாழ். அம்மாவுக்குப் புரியும், எப்போதும் புரிந்திருக்கிறது.

‘அம்மாவைப் பார்க்க’ என்று ஒற்று மிக வேண்டும். உன் கடிதத்தில் சிவப்பு மையால் குறித்து, இத்துடன் அனுப்பியுள்ளேன்.

ஆசிகளுடன்,
அப்பா

18 மார்ச் 1992

அப்பா,

நேற்று விடியற்காலை அம்மா இரந்துவிட்டாள். துறைக்குப் போன் செய்தேன். நேர்காணலுக்குத் தயாராகிறீர்கள், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்களாம். மாமாவே எல்லாம் முடித்துவிட்டார்.

சின்னவள்

25 மார்ச் 1992

சின்னவளுக்கு,

துயரத்தில் கை தடுமாறும், அறிவேன். ஆனாலும் என் மகள் எழுதும் எழுத்தா இது? இரத்தல் என்றால் கையேந்திக் கேட்பது. சாவுக்கு வல்லின றகரம்: இறத்தல். இந்த ஓர் எழுத்தை வாழ்நாளில் மறக்காதே.

பதவி கிடைத்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

அப்பா

2 ஜூன் 2014

என் அன்பு மகளுக்கு,

இத்தனை வருடம் நீ ஒரு வரி எழுதவில்லை. கோபம் நியாயம்தான்.

ஓய்வு பெற்றபோது மாலை, பொன்னாடை எல்லாம் போட்டார்கள். இப்போது மாணவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. கண்ணில் புரை, என் புத்தகத்தையே என்னால் படிக்க முடியவில்லை. அறையைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். உன் வீட்டில் ஒரு மூலை போதும், சின்னவளே. இறந்து கேட்கிறேன்.

அப்பா

11 ஜூன் 2014

பேராசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். பிழை ஓர் எழுத்துதான். அந்த எழுத்தை நான் மறக்கவில்லை.

என் பழைய கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. அம்மா கடைசி மூச்சுவரை இரந்தாள்.

‘இறந்து கேட்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையிலேயே நடக்கட்டும். அப்போது வருகிறேன்.

இப்படிக்கு,
அவள் மகள்