லிஃப்ட் வாசல் போர்முனையை அகற்றக் கோரி

அனுப்புநர்:
ஐந்தாம் மாடியில் குடியிருப்பவன்,
கல்லூரி நூலக உதவியாளன்,
ஒரே ஒரு கதை அச்சேறிய எழுத்தாளன்.

பெறுநர்:
நிர்வாகப் பொறியாளர் அவர்கள்,
வீட்டுவசதி வாரியம்.

பொருள்: என் கதையைப் பின்பற்றி லிஃப்ட் வாசலில் நடக்கும் போரை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். அதற்கு யார் காரணம் என்று கீழ்மாடிக்காரர்களும் மேல்மாடிக்காரர்களும் சண்டையிடுவார்கள். அதைப் போராக்கி ஓர் அங்கதக் கதை எழுதினேன். வாட்ச்மேன் தளபதியானார். கொத்தனார் விட்டுப்போன மணல் மூட்டைகள் காப்பரண் ஆயின. தினமும் பார்ப்பதை அந்நியமாக்கிக் காட்டினால் மக்கள் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று பல்கலைக்கழகத் தேர்வில் எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

2. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் கதையை உரக்க வாசித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். யாரும் வெட்கப்படவில்லை. மறுநாளே அமல்படுத்திவிட்டார்கள். மூட்டைகள் லிஃப்ட் வாசலுக்கு நகர்ந்தன. வாட்ச்மேன் பைக் ஹெல்மெட்டுடன் "நில்லு! யாரது?" என்கிறார். கதையில் வரும் 'சமாதானம்' என்ற கடவுச்சொல்லைச் சொன்னால்தான் மேல்மாடிக்காரர்களுக்குக் கதவு திறக்கும். லிஃப்ட் இப்போது பழுதாவதில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

3. செயலாளரிடம் அது கிண்டல் என்றேன். "தெரியும் தம்பி, அதனாலதான் சிரிச்சுக்கிட்டே நடத்துறோம். மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்கும் ஏதாவது எழுதுங்களேன்" என்றார். என்னை இவ்வளவு கவனமாக யாரும் வாசித்ததில்லை. உள்ளூர மகிழ்ந்தேன்.

4. என் அம்மா முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். பயிற்சிக்கு மருத்துவமனை போய்வர வேண்டும். கதையைப் படிக்காதவர். சென்ற வாரம் நாங்கள் திரும்பி வந்தபோது, மூட்டைகளுக்குப் பின்னிருந்து ஹெல்மெட் அணிந்த உருவம் "நில்லு!" என்றது. அம்மா பையைத் தரையில் வைத்தார். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். அவரும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைகள் இறங்கவில்லை.

5. அம்மா இளம் வயதில் நிஜமான ஒரு போரிலிருந்து தப்பி வந்தவர். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை, போர் இலக்கியம் படிப்பதில் மும்முரமாக இருந்தேன். வாட்ச்மேன்தான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓடிவந்து, "நான்தாம்மா, நம்ம வாட்ச்மேன். கைய இறக்குங்கம்மா" என்றார்.

6. அதன்பின் அம்மா வீட்டைவிட்டு இறங்கவில்லை. பயிற்சி நின்றால் கால் மடங்காமலே போய்விடும் என்கிறார்கள். சங்கமோ, "பாஸ்வேர்டை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்க தம்பி, அவ்வளவுதானே" என்கிறது. சொல்லிக் கொடுத்தேன். "அது நாளைக்கு மாறிடும்டா. எப்பவும் மாத்திடுவாங்க" என்றார்.

ஆகவே ஐயா, மூட்டைகளை அகற்றவும் கடவுச்சொல்லை ரத்து செய்யவும் ஆணையிட வேண்டுகிறேன். தாங்களே ஒருமுறை ஐந்தாம் மாடிக்கு வந்து, அது வெறும் லிஃப்ட்தான் என்று அம்மாவிடம் சொன்னால் பேருதவியாக இருக்கும். நான் சொன்னால் அவர் நம்புவதில்லை.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: ஐந்தாம் மாடி

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேற்படி கதையை எழுதியவன்