கத்தரி வளைந்த இடம்

அக்கா,

நேற்று என் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். சேலைகளை எடுத்ததும், அந்துருண்டை வாசனையோடு அடியில் விரித்திருந்த தாள் கையில் வந்தது. உங்கள் வரைபடத்தின் கடல் பக்கம்.

உங்கள் அப்பா சர்வேக்காரர்களுக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர். வெள்ளைக்காரர் காலத்துத் தாள் என்று அதை உங்களுக்குக் கொடுத்திருந்தார். மலை இருக்கும் ஓரத்தில் நெருக்கமாகக் கோடுகள். கடற்கரையை ஒட்டிப் பழைய குப்பங்கள், புள்ளி புள்ளியாக. அதற்கப்பால் வெறும் வெள்ளை. மலைமேல் எங்கள் மாரமங்கலத்துக்கு நீங்கள் மருமகளாக வந்த புதிதில், என் விரலைப் பிடித்து மூன்று புள்ளிகள் மேல் வைத்தீர்கள்.

“இதுதான் எங்க ஊரு கண்ணு. கடலு எடுத்துக்கிச்சு. இனி இந்தத் தாள்ல மட்டுந்தான் இருக்குது.”

எனக்கு உங்கள் மேல் கோபம். அந்த வீட்டுக்கு முதலில் வந்த மருமகள் நான். என் கணவரின் அண்ணன், லாரி ஓட்டிய மூத்தவர், பிந்தித்தான் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆனாலும் மாமியார் சமையலறையை உங்களிடம் கொடுத்தார். போதாததற்கு, என் ராகிக் களியைப் பார்த்து, எப்படித்தான் முழுங்குகிறீர்களோ என்று எல்லோர் முன்னும் சிரித்தீர்கள். அதை இன்றும் நான் மறக்கவில்லை.

அந்த வாரமே, பெட்டிக்கு அடியில் விரிக்கத் தாள் வேண்டுமென்று கத்தரியை எடுத்தேன். நீங்கள் பதறி வந்தபோது, வெட்டியதை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

“கோடில்லாத பக்கம் வெறுந்தாளுன்னு நெனச்சேனுங்க. மலைக்காரிக்கு என்னங்க தெரியும்?”

மீதியைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தீர்கள்.

“பரவால்ல கண்ணு. உனக்குத் தெரியாதில்ல.”

பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன்.

நேற்று உங்கள் மகளைக் கூப்பிட்டனுப்பினேன். நீங்கள் விட்டுப்போன பாதியோடு வந்தாள். இரண்டையும் தரையில் சேர்த்து வைத்தோம். வெட்டு மேலிருந்து நேராக வருகிறது. அந்த மூன்று புள்ளிகளிடம் மட்டும் நிலத்துக்குள் வளைந்து, அவற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மறுபடி நேராகப் போகிறது.

“கத்தரி கோணிக்கிச்சுங்களா சின்னம்மா?”

“இல்ல கண்ணு. அப்படித்தான் வெட்டுனேன்.”

அடுப்பில் போட்டதாகச் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் இரண்டையும் ஒன்றாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெட்டி இப்போது காலி. ஒன்று மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அந்த வளைவு உங்கள் பாதியிலும் இருந்தது, அக்கா. அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘உனக்குத் தெரியாதில்ல’ என்றீர்கள். அதன்பிறகும் சாகும்வரை என்னைக் கண்ணு என்றே கூப்பிட்டீர்கள்.